டேங்க் பக்கம் ஏறுல!

கபடி கோச் தவசிலிங்கத்துக்கு ஒரு கணக்கு உண்டு. தோற்றால் பையன்கள் காரணம், ஜெயித்தால் அவர் யோசனை காரணம். அந்த யோசனையையும் அவர் மைக் இல்லாமலே பக்கத்து ஊர் வரைக்கும் கேட்கிற மாதிரிதான் சொல்லுவார்.

கோயில் கொடைத் திருவிழாவுக்கு நடந்த இறுதி ஆட்டம் சமமாகப் போய்க்கொண்டிருந்தது. "கோயில் பக்கம் ஏறுல!" என்று கோச் கத்தினார். ஏறியவனை அங்கே காத்திருந்தவர்கள் அமுக்கிவிட்டார்கள். ஒரு பாயிண்ட் போச்சு. இனி ஒரே ஒரு ரைடுதான் பாக்கி.

"இதுக்குப் பேரு யோசனையாக்கும்" என்று முனகினான் சுடலைக்கண்ணு. மூன்று வருஷமாக அவன் ஆடிய இடம் மாற்று ஆட்டக்காரர் பெஞ்சு.

கோச்சுக்குக் கேட்டுவிட்டது. "நீ பெரிய மேதாவியோ? கடைசி ரைடுக்கு நீயே போயிட்டு வால. ரெண்டு பேரைத் தொடாம வந்தே, இனி மைதானத்துப் பக்கமே தலைவச்சுப் படுக்கக்கூடாது!"

"போறேன் அண்ணாச்சி. நீங்க மட்டும் எப்பவும்போலச் சத்தமா யோசனை சொல்லணும்."

கோச்சின் மீசை நிமிர்ந்தது. அவன் கோட்டைத் தாண்டியதும் முழங்கினார்: "டேங்க் பக்கம் ஏறுல! டேங்க் பக்கம்!"

எதிரணியில் இரண்டு பேர் போக மற்ற எல்லோரும் தண்ணீர் டேங்க் பக்கம் சாய்ந்தார்கள். கோயில் பக்கம் தனியாக நின்ற இரண்டு பேரையும் தட்டிவிட்டு, மூச்சு விடாமல் கோட்டுக்குத் திரும்பிவிட்டான் சுடலைக்கண்ணு.

கோப்பை கைக்கு வந்தும் கோச்சுக்கு ஆறவில்லை. "தொண்டை கிழியக் கத்தினேனே, உன் காதுல விழலையால?"

"விழுந்துச்சு அண்ணாச்சி. அவங்க காதுலயும் விழுந்துச்சு."