ஏலியின் ஆசனம்

சபைக் குரு சாலமோன் ஐயர் ஊரார் வீட்டுப் பிள்ளைக்குத் தன் மனைவியின் பெயரை வைத்துவிட்டார்.

காலை ஆராதனையில் ஞானஸ்நானம். தகப்பன் "ஷைனி" என்று தெளிவாகத்தான் சொன்னான். ஐயர் தண்ணீரை அள்ளி நெற்றியில் விட்டு, "ஞானப்பூவே, உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்றார், கணீரென்று. ஞானப்பூ அம்மாள் இறந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. கோயிலில் ஒருவராவது வாய் திறக்கவேண்டுமே! ஊஹூம். பெற்றவள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு "ஆமென்" என்றாள்.

இது முதல் தடவையும் இல்லை. போன மாதம் ஓர் அடக்க ஆராதனையில், இறந்தவரை விட்டுவிட்டு அவர் தம்பியின் ஆத்துமாவுக்காக உருகி ஜெபித்தார். தம்பி முன்வரிசையில் உயிரோடு உட்கார்ந்திருந்தார், பாவம்.

"நீங்கதான் ஐயர்கிட்ட சொல்லணும்" என்று சபையார் உதவி குரு சற்குணத்தின் தலையில் கட்டினார்கள். சற்குணத்துக்கே தலை நரைத்துவிட்டது. ஆனால் அவருக்கு வேதம் சொல்லிக்கொடுத்தவரே இந்த ஐயர்தான். அவரிடம் போய், போதும், இறங்குங்கள் என்று எந்த வாயால் சொல்வது?

சாயங்காலம் ஐயர் பீடத்தருகே தன் உயரமான நாற்காலியில் தனியே உட்கார்ந்திருந்தார். சற்குணம் கீழ்ப்படியில் நின்றார்.

"ஐயா, ஒரு சந்தேகம்."

"கேளு."

"வேதத்துல, கோயில் ஆசாரியன் ஏலியோட காலம் முடிஞ்சுதுன்னு ஆண்டவர் சின்னப் பையன் சாமுவேல்கிட்ட சொல்றார். அவன் ஏன் விடியுமட்டும் பேசாம படுத்திருந்தான்?"

"பயம். வளர்த்தவர் இல்லையா? பிரியம் வேற."

"அப்புறம் எப்படிச் சொன்னான்?"

"ஏலியே கூப்பிட்டுக் கேட்டார். ஒண்ணையும் மறைக்காதேன்னார்."

சற்குணம் தலையைக் குனிந்துகொண்டார். ஐயர் வெகுநேரம் அவரையே பார்த்தார்.

"சற்குணம், எங்கிட்ட ஒண்ணையும் மறைக்காதே."

சற்குணம் முதலில் அடக்க ஆராதனையைச் சொன்னார். குழந்தையைச் சொல்லும்போது அழுதேவிட்டார்.

"ஞானப்பூன்னா சொன்னேன்?" ஐயரின் குரல் இறங்கிவிட்டது. "கோயில் நிறைய ஆள் இருந்தாங்களே. ஒருத்தர்கூடச் சொல்லலியா?"

"உங்க மேல உள்ள மரியாதை, ஐயா."

"நீயுமா?"

"நானும்தான்."

ஐயர் நாற்காலியின் கைப்பிடியைத் தடவிப் பார்த்தார்.

"யாரும் கிட்ட வரமுடியாதபடி அவ்வளவு உயரத்திலயா உக்காந்திருந்தேன்?"

சற்குணம் ஒரு படி ஏறி அருகில் வந்தார்.

"அந்தப் பிள்ளை வீட்டுக்கு இப்பவே போவோம். தாய் தகப்பன்கிட்ட நான் மன்னிப்புக் கேக்கணும். வர்ற ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை நீ நடத்து."

"ஐயா, அவசரமில்லை. மெதுவா..."

"ஏலி கடைசிவரை ஆசனத்தை விடலை, சற்குணம். அதிலிருந்தே விழுந்து செத்தார்."

ஐயர் எழுந்து கையை நீட்டினார்.

"எனக்குப் படி சரியாத் தெரியலை. பிடிச்சு இறக்கிவிடு, மகனே."