அலியார் கண்ட பிறை

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் எனக்கு மிச்சமிருக்கும் இரண்டு பல்லும் இப்போதே உதிரட்டும். சத்தியம், சத்தியம், மூன்றாவது தடவையும் சத்தியம்!

குமரிக் கடற்கரை ஊர் ஒன்றில் சித்தீக் என்று ஒரு உஸ்தாத். அவருக்குச் சீடர் அலியார். சீடருக்குத் தாடி முழுக்க வெள்ளை, குருவுக்கு இன்னும் கறுப்பு. ஆனாலும் முறை முறைதான்.

அன்று நோன்பு இருபத்தொன்பது. பிறை தெரிந்தால் விடிந்ததும் பெருநாள். தெரியாவிட்டால் இன்னொரு நோன்பு. ஊரே மணலில் நின்று மேற்கே பார்த்தது. அந்த வருடம் புதிதாக ஒரு தொலைநோக்கியும் வந்திருந்தது. சந்திரனில் ஆட்டுப்புழுக்கை கிடந்தால் அதையும் எண்ணிவிடலாம் என்று பேச்சு.

அலியாரின் மகன் நிசார் மறுநாள் மத்தியானம் கப்பல் வேலைக்குக் கிளம்புகிறான். அவனோடு ஒரே தட்டில் பெருநாள் சோறு உண்டு எத்தனையோ வருடம் ஆயிற்று. காலையில் பெருநாளென்றால் உண்டுவிட்டுப் போவான். இல்லையென்றால் பெருநாளன்று அவன் கடலில்.

சூரியன் இறங்கியது. எல்லோரும் ஈச்சம்பழம் கடித்து நோன்பு திறந்தார்கள். தொலைநோக்கிக் குழாயிலிருந்து கண்ணை எடுத்து உஸ்தாத் விலகினார். வயதில் மூத்த அலியாரை அவர் காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்.

"காக்கா, நீங்க பாருங்க."

அலியார் அன்றுதான் முதல்முறையாக அதில் கண் வைத்தார். மங்கல். மங்கலுக்குப் பின்னால் இன்னும் மங்கல்.

"இருக்கு! கண்டேன்!"

ஊர் துள்ளியது. பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் நகரா முரசு அடிக்க ஓடுவதற்கு வேட்டியை மடித்துக் கட்டினார்.

"எதிரே வர்ற எருமையே அலியாருக்குத் தெரியாது. பிறை தெரிஞ்சிட்டாக்கும்!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

பிறை கண்டவரிடம் அது எப்படிக் கிடந்தது என்று கேட்பது வழக்கம். உஸ்தாத் மெல்லக் கேட்டார்.

"எப்படிக் கிடந்துது காக்கா?"

"வள்ளம் மாதிரி, உஸ்தாதே. ரெண்டு முனையும் மேலே."

உஸ்தாத் குழாயைத் தாழ்த்தி, கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு வள்ளத்தின் மேல் திருப்பினார்.

"இதையும் பாருங்க."

வள்ளம் கவிழ்ந்து கிடந்தது. துடுப்புக்காரன் வௌவால் மாதிரித் தலைகீழாகத் தொங்கினான். அலியார் கண்ணை எடுத்தார். வள்ளம் நேராகத்தான் வந்தது. திரும்பக் கண் வைத்தார். திரும்பவும் கவிழ்ந்தது. அந்தக் குழாய் எதையும் புரட்டித்தான் காட்டும். அதில் பிறையைக் கண்டவனுக்கு முனைகள் கீழே அல்லவா தெரிந்திருக்க வேண்டும்?

அலியாருக்குக் காதுமடல் வரை சுட்டது.

உஸ்தாத் கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"மேகம் மறைக்குது. நாளைக்கும் நோன்பு."

 மோதினார் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது.

"உஸ்தாதே... என் மகன்..."

"தெரியும் காக்கா."

"ஒரு வேளைச் சோறு. அவன்கூட உட்கார்ந்து. அதுக்குத்தான்..."

"நிசார் இப்ப எங்கே?"

"வீட்டிலே."

"நோன்பு திறந்திருப்பானா?"

"பழம் கடிச்சிருப்பான். கஞ்சியைத் தொடமாட்டான். நான் வந்தால்தான் அவன்..."

அலியார் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

உஸ்தாத் மணலில் கிடந்த அலியாருடைய செருப்பை எடுத்து அவர் காலடியில் வைத்தார்.

"ஓடுங்க காக்கா. கஞ்சி ஆறுது."

இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது நான் என்று மட்டும் மூச்சு விட்டுவிடாதீர்கள். அலியார் இன்னும் திடமாகத்தான் இருக்கிறார், கையில் தடியும் இருக்கிறது.