பீரோவுக்குள்ள நின்னுபோன கப்பல்

ஒரு ஊர்ல ஒரு படிப்பகம் இருந்துச்சு. ஓலைக் கொட்டகை, ரெண்டு பெஞ்சு, அவ்வளவுதான். ஆனா அது எந்தப் பண்ணையாரும் தானம் கொடுத்ததில்ல கண்ணு, ஊர்ச்சனம் தானே கட்டினது. அதை மனசுல வச்சுக்கோ. 'ம்' சொல்லு, அப்பத்தான் மேல சொல்லுவேன்.

அந்த ஊர்ல வீட்டுக்கு வீடு பீடி சுத்துவாங்க. மத்தியானமானா பொம்பளைங்க பீடித்தட்டை இடுப்புல இடுக்கிட்டுக் கொட்டகைக்கு வந்துடுவாங்க. சங்கரவடிவுன்னு ஒருத்தி, பள்ளிக்கூடம் போனவ, சத்தமா வாசிப்பா. வாசிக்கிறவளுக்குப் பீடி சுத்த நேரம் ஏது? அதனால தாங்க சுத்தின பீடியில ஆளுக்கொரு பிடி எடுத்து அவ தட்டுல போட்டுடுவாங்க. சரக் சரக்னு கத்திரி இலையை வெட்டும், விரல் தானா உருட்டும், காது மட்டும் கதையில கிடக்கும். எந்த முதலாளியும் சொல்லிக்கொடுக்காத ஏற்பாடு அது.

அதுல இசக்கியம்மான்னு ஒருத்திக்கு எழுத்தே தெரியாது. அப்போ வாசிச்சிட்டிருந்த கதையில ஒரு பொண்ணு கொழும்புக்குக் கப்பல் ஏறுறா. நடுக்கடல்ல ஹோன்னு காத்து, தடால் தடால்னு அலை. இசக்கியோட அக்காவும் சின்ன வயசுல அப்படிக் கப்பல் ஏறிப் போனவதான், ஒரு தகவலும் வரல. அதனால அந்தப் பொண்ணு கரை சேர்ந்தாளான்னு தெரிஞ்சுக்காம இசக்கிக்குச் சோறு இறங்கல.

ம்... முழிச்சுத்தான் இருக்கியா?

அப்போ அந்த ஊர்ல செங்குட்டுவன்னு ஒரு தோழர் இருந்தார். சர்க்கார் லைப்ரரி வேணும்னு நோட்டீஸ் அடிச்சார், மறியல் பண்ணார், முதுகுல லத்தியடி வாங்கினார். கிடைச்சுது. சிமெண்டுக் கட்டடம் எழும்புச்சு. அவரையே நூலகரா போட்டாங்க. கொட்டகையைப் பிரிச்சு, புத்தகத்தையெல்லாம் அங்க கொண்டுபோனாங்க. பொம்பளைங்க குலவை போட்டாங்க.

மனுஷன் நல்லவர். ஆனா டவுனுக்குப் போன இடத்துல ஒரு வக்கீல், "உங்க ஊர்ல நடக்கிறது லைப்ரரியா, பீடிக் கம்பெனியா"ன்னு கேட்டுட்டான். அது முள்ளாத் தச்சிடுச்சு. நம்ம சனம் எவனுக்கும் குறைஞ்சதில்லைன்னு காட்டணும்னு, 'அமைதி காக்கவும்'னு பெருசா போர்டு எழுதி மாட்டினார்.

அப்புறம் இசக்கி தட்டோட வந்தா, கூடவே சங்கரவடிவும் வந்தா. வாய் திறந்து ஒரு வரி வாசிச்சதும் 'உஷ்'ஷுன்னார் செங்குட்டுவன். இங்க மனசுக்குள்ளதான் வாசிக்கணும்னார். எனக்கு மனசுக்குள்ள எழுத்து இல்லையே அண்ணாச்சின்னா இசக்கி. அவர் போர்டைக் காட்டினார். அதையும் அவளால வாசிக்க முடியல.

அப்புறம் ரெண்டாம் தடவை வந்தா. புத்தகத்தைக் கொடுங்க, வீட்டுல வச்சு வாசிச்சுக்கிடுறோம்னா. அது படிப்பகத்துப் புத்தகம், இன்னும் வரிசை எண் போடல, எண் போடாத புத்தகம் வெளிய போகாதுன்னார். டொக்குன்னு பீரோவைப் பூட்டினார். ஒரு கப்பலைப் பூட்டுறோம்னு அவருக்குத் தெரியல.

ம்?

அப்புறம் மூணாம் தடவை, லைப்ரரியில வாசிப்பு விழான்னு தோரணம் கட்டினாங்க. டவுன்ல இருந்து பெரிய பேச்சாளர். வாசிப்பே விடுதலைன்னு கடகடன்னு பேசினார். இசக்கி எழுந்திரிச்சு, அந்தக் கப்பல் கதையில மிச்சத்தை யாராச்சும் வாசிங்கய்யான்னு கேட்டா. முன்வரிசை சிரிச்சுது. செங்குட்டுவன் முகம் செவந்து, நன்றியுரைக்கு நேரமாச்சுன்னு உக்கார வச்சுட்டார்.

அதுக்கப்புறம் அவ வரல. அவ வரலைன்னதும் மத்தவங்களும் வரல. லைப்ரரி பளபளன்னு இருந்துச்சு, காத்தாடி மட்டும் கிர் கிர்னு சுத்துச்சு. மேலிடத்து அதிகாரி வந்து பாத்தார். வாசகரே இல்லாத ஊருக்கு லைப்ரரி எதுக்கு, பக்கத்து ஊரோட சேர்த்துடுங்கன்னு எழுதிட்டார்.

அப்போ செங்குட்டுவன் பழைய ஆளா மாறினார். நாளைக்கு வாசல்ல மறியல், எல்லாரும் வந்து கோஷம் போடணும்னு தெருத்தெருவாப் போனார். இசக்கி வீட்டு வாசல்லயும் நின்னார். அவ தட்டுல இருந்து கையை எடுக்காம, நிமிர்ந்து பாக்காம சொன்னா:

"உள்ள பேசக் கூடாதுன்னீக அண்ணாச்சி. இப்ப வெளிய வந்து என்னத்தைப் பேசச் சொல்லுதீக?"

எத்தனை மேடை ஏறினவர்! அன்னைக்கு அடுத்த வாசலுக்குப் போகாம அப்படியே வீட்டுக்குத் திரும்பிட்டார்.

மறுநாள் லாரி வந்துச்சு. வாசல்ல அவர் ஒத்தையா நின்னார். திறக்காத பீரோவை அப்படியே தடதடன்னு உருட்டி ஏத்தினாங்க. நிறுத்துங்கன்னு சொல்ல அவர் ஒருத்தர் குரல் பத்தல.

என்ன... அந்தப் பொண்ணு கரை சேர்ந்தாளாவா? தெரியலையே கண்ணு. செங்குட்டுவன் அதை வாசிச்சதில்ல. சங்கரவடிவும் மேல புரட்டினதில்ல, எல்லாரோடயும் சேர்ந்துதான் கேப்பேன்னு வச்சிருந்தா. இசக்கியும் செத்துப்போயிட்டா. சாகுறவரைக்கும் பீடி சுத்தும்போது, இந்நேரம் காத்து அடங்கியிருக்கும்னு அவளே சொல்லிக்குவாளாம்.

அங்கேயே நிக்குது கதை. அதுக்கு மேல யாருக்கும் தெரியாது. கண்ணை மூடு, தூங்கு.