எறும்புக் கோவில்

இதை எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் கோவிலில் மணியடிக்கிற நவமணி அண்ணன். என் மூத்த மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று, ஆராதனை முடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கோவிலுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். அப்போது சொன்னார். அவளுக்கே இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். எனக்கு இன்னும் மறக்கவில்லை.

எங்கள் ஊர் பனையேறிகளின் ஊர். கூப்பிடு தூரத்தில் கடல். அந்தக் காலத்தில் ஞானாபரணம் என்று ஓர் உபதேசியார் இருந்தார். சுற்றியுள்ள சின்னச் சின்னச் சபைகளையெல்லாம் அவர் ஒருவரே பார்த்துவந்தார். அவரிடம் சீஷராக வந்து சேர்ந்தவர் பாக்கியமுத்து. டவுனில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். மனைவி இறந்தபிறகு கடையைத் தம்பி கையில் விட்டுவிட்டு ஊழியத்துக்கு வந்தார். வயதில் சீஷர்தான் மூத்தவர். அதனால் குரு சீஷரை அண்ணாச்சி என்பார், சீஷர் குருவை ஐயா என்பார்.

எங்கள் கோவிலை உபதேசியார் பாக்கியமுத்து பொறுப்பில் விட்டிருந்தார்.

கோவிலைக் கட்டிப் படைத்த நாளை வருஷா வருஷம் கொண்டாடுகிற பிரதிஷ்டைப் பண்டிகைக்கு முந்தின நாள் சாயங்காலம். உபதேசியார் கோவிலுக்குள் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார். பாக்கியமுத்து தகரப் பெட்டியோடு வாசலில் வந்து நின்றார்.

"என்ன அண்ணாச்சி, பண்டிகைக்கு எல்லாரும் ஊருக்கு வாறாங்க. நீங்க பெட்டியைத் தூக்கிட்டீங்க?"

"சாயங்கால பஸ்ஸுக்குப் போறேன் ஐயா. டவுன் கோவில்ல ஒரு வேலை இருக்கு, வாங்கன்னு கூப்பிட்டிருக்காங்க."

"நீங்க போனா இங்க யாரு ஜெபம் நடத்த? எனக்கு மத்த ஊருக்குப் போகவே நேரம் பத்தல. இதைப் பூட்டத்தான் செய்யணும்."

பாக்கியமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

"நேத்து டவுன்ல ஒருத்தர், நீங்க எந்தக் கோவில்னு கேட்டார் ஐயா. பெரிய கோவில்னு சொல்லிட்டேன்."

"ஏன்?"

"நம்ம கோவிலைச் சொன்னா சிரிக்காங்க. எறும்புக் கோவில்ங்காங்க. 'ஓய், உம்ம சபையில ஆளு அதிகமா, எறும்பு அதிகமா'ன்னு ஒருத்தன் கேக்கான். பஸ் கண்டக்டரும் அந்தப் பேரைச் சொல்லித்தான் கூவுதான்."

"அப்ப ஆண்டவரைத் தெரியாதுன்ன சீஷன் மாதிரி மறுதலிச்சிட்டீங்க. சேவல் கூவிச்சா?"

"கேலி பண்ணாதீங்க ஐயா. டவுன் கோவில்ல கோபுரம் இருக்கு. துரைமார் கல்லறை இருக்கு. ஜன்னலுக்கு ஜன்னல் கலர் கண்ணாடி. நாளைக்கு இத்தனை பேர் முன்னால நின்னு இந்தக் கோவிலைப் பத்தி நான் என்னத்தைப் பேச? நமக்குன்னு என்ன சரித்திரம் இருக்கு?"

உபதேசியார் தோரணத்தைக் கீழே வைத்தார்.

"பெட்டியை வச்சிட்டு வாங்க."

கதவுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். எங்கள் கோவிலுக்கு வருஷா வருஷம் வெள்ளையடிப்போம். ஆனால் கதவுக்குப் பின்னால் ஒரு முறத்தளவு இடத்தை மட்டும் அடிக்காமல் விட்டுவிடுவோம். அது ஊர் வழக்கம். பாக்கியமுத்து அதை வெள்ளையடிக்கிறவனின் சோம்பல் என்று நினைத்திருந்தார்.

"நக்கிப் பாருங்க."

"சுவரையா?"

"சுவரைத்தான்."

"யாராவது பாத்தா என்ன நினைப்பாங்க ஐயா?"

"எறும்புக் கோவில் ஆளுன்னு நினைப்பாங்க. நக்குங்க."

ஜவுளிக்கடை முதலாளியாக இருந்தவர் வாசலை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு, சுவரில் நாக்கை வைத்தார்.

"எப்படி இருக்கு?"

"சுண்ணாம்பா இருக்கு. லேசா உப்புக் கரிக்கு."

"இனிக்கலையா?"

"சுவர் எங்கயாவது இனிக்குமா ஐயா?"

உபதேசியார் தரையில் உட்கார்ந்தார். அவரையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"இந்தக் கோவிலைக் கட்டும்போது கொத்தனார் சொல்லிட்டாராம். கடல் காத்துக்கு வெறும் சுண்ணாம்பு நிக்காது, கருப்பட்டி கரைச்ச தண்ணியை விட்டு அரைக்கணும்னு. அந்த வருஷம் மழை இல்ல. பனையில பதநீர் சரியா ஊறல. இருக்கிற கருப்பட்டியை வித்தாத்தான் வீட்டுல கஞ்சி. ஆனாலும் வீட்டுக்கு வீடு ஓலைப்பெட்டியில கொண்டாந்து இங்க வச்சாங்க. கருப்பட்டி காய்ச்சுத ஊரு, வருஷம் பூரா இனிப்பில்லாம வெறுங்காப்பி குடிச்சிருக்கு. கிறிஸ்துமஸ் அன்னைக்கும் அதான். ஒரு பிள்ளை, நம்ம கருப்பட்டி எங்கம்மான்னு அழுதிருக்கு. 'ஆண்டவருக்கு நம்ம ஊர்ல வீடு இல்லல்லா மக்கா, அவருக்குக் குடுத்திருக்கு'ன்னாளாம் தாய்."

"யார் வீட்டுப் பிள்ளை ஐயா அது?"

"அதுதான் தெரியல. கேட்டா எல்லாரும் எங்க வீட்டுப் பிள்ளைன்னுதான் சொல்லுதாங்க."

பாக்கியமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கவில்லை.

"சுவர் எழும்பினதும் எறும்பு வந்துட்டு. சுவரே தெரியாத அளவுக்கு மொய்ச்சிருக்கு. டவுன்காரங்க வண்டி கட்டிட்டு வந்து பாத்துச் சிரிச்சாங்களாம். அன்னைக்கு அவங்க வச்ச பேருதான்."

"அப்புறம் எறும்பு?"

"சுவர் காய்ஞ்சதும் போயிட்டு. அந்தப் பழைய பூச்சுதான் இது, அதான் இந்த இடத்தை மட்டும் வெள்ளையடிக்காம விட்டிருக்கு."

பாக்கியமுத்து அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாக்கில் இன்னும் உப்பு இருந்தது.

"அவ்வளவு கருப்பட்டியை ஊத்தியும் கொஞ்சம்கூட இனிக்கலையே ஐயா. அந்த இனிப்பெல்லாம் எங்க போச்சு?"

"இனிப்பா இருந்திருந்தா எறும்பு கொண்டுபோயிருக்கும் அண்ணாச்சி. இப்ப அது சுவரா நிக்கு."

பாக்கியமுத்து எட்டிச் சுவரில் கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவும் இல்லை.

வெளியே பஸ் வந்து நின்றது. கண்டக்டர் சத்தம் கேட்டது.

"எறும்புக் கோவில்! எறும்புக் கோவில் ஆளு யாரும் வாறீங்களா?"

பாக்கியமுத்து எழுந்து வாசலுக்குப் போனார். பெட்டியைத் தாண்டிப் போய்ப் படியில் நின்றார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"எறும்புக் கோவில் ஆளு இங்கதான் இருக்கான். நீ போப்பா!"

எங்கள் ஊர்ப் பக்கம் வந்தீர்களானால், கோவில் கதவுக்குப் பின்னால் அந்த இடத்தில் ஒரு நிமிஷம் கை வைத்துவிட்டுப் போங்கள். நக்க வேண்டாம். கை வைத்தால் போதும்.