அழுகண்ணியும் பட்டு முக்காலியும்

முன்னொரு காலத்தில் நீர்மங்கலம் என்ற நாட்டைச் செங்கோடவர்மன் என்ற ராஜா ஆண்டுவந்தான். ஆண்டான் என்று ஒரு பேச்சுக்குத்தான் சொல்கிறேன். ஏரி மதகு, எல்லைத் தகராறு, படை, பஞ்சம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவள் அவனுடைய அமைச்சர் அல்லியங்கோதை. ராஜா பார்த்தது ஒன்றே ஒன்று: தன் வலப்பக்கத்துப் பட்டு முக்காலியில் இன்றைக்கு யாரை உட்கார வைக்கலாம் என்பது.

ராஜா சிரித்தால் ஏறலாம், முகம் சுளித்தால் இறங்க வேண்டும். இதற்காக அந்த அவையில் எத்தனை வயிறு எரிந்தது! எல்லாவற்றிலும் அதிகமாக எரிந்தது பரிமளராயருடைய வயிறு. அரண்மனைச் சந்தனத்துக்கும் பன்னீருக்கும் அவர்தான் பொறுப்பு. ஊரையே மணக்க வைத்த மனிதர், கோதை பெயரைக் கேட்டால் மட்டும் மூக்கைச் சுருக்குவார்.

ஒருநாள் ஏரிக்கரையைப் பார்த்துவிட்டு வந்த கோதை, ஒரு மண்சட்டியை அவை நடுவில் வைத்தாள். அதில் உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஒரு செடி. சிவந்த இலைகள், இலை முழுக்க மயிர், ஒவ்வொரு மயிர் நுனியிலும் பளபளவென்று ஒரு துளி.

“அழுகண்ணி, மன்னா. பூச்சியைத் தின்னும்.”

“இதற்கு வாயே இல்லையே!”

அதற்குள் ஒரு குட்டி ஈ, தேன் என்று நினைத்து இலையில் இறங்கியது. ஒரு கால் ஒட்டியது. அதை இழுக்கப் போய் மறுகாலும் ஒட்டியது. துள்ளத் துள்ளப் பக்கத்து மயிர்களும் வளைந்து வந்து அதை அணைத்துக்கொண்டன.

“துரத்தவில்லை, கடிக்கவில்லை,” என்றாள் கோதை. “அது முளைக்கிற மண்ணில் சத்தில்லை. அதனால் சாப்பாட்டைத் தன்னிடமே வரவழைத்துக்கொள்கிறது.”

“பலே! வா கோதை, முக்காலியில் உட்கார்!”

“மதகு வேலை பாதியில் கிடக்கிறது மன்னா. வேறு யாரையாவது உட்கார வையுங்கள்.”

பரிமளராயருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் போய் உட்கார்ந்திருந்தால்கூடப் பொறுத்திருப்பார். தான் ஏங்கிக் கிடப்பதை அவள் வேண்டாம் என்கிறாளே!

“ஈ முட்டாள், மாட்டிக்கொண்டது. இதில் அம்மணியின் கெட்டிக்காரத்தனம் எங்கே வந்தது?” என்று எழுந்தார். “முடிந்தால் இதே மாதிரி என்னைப் பிடிக்கட்டும்! இடத்தைவிட்டு எழக்கூடாது, ஆள் அனுப்பக்கூடாது, கை படக்கூடாது. விளக்கேற்றுவதற்குள் நானாக வந்து, போக முடியாமல் கிடந்தால் தோற்றேன் என்று ஒப்புக்கொள்கிறேன். இல்லையென்றால் அமைச்சர் முத்திரை எனக்கு!”

ராஜாவுக்கு வேடிக்கை என்றால் போதுமே. “அப்படியே ஆகட்டும்!”

நியாயமா இது? நாட்டையே நடத்துகிறவள் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள வித்தை காட்ட வேண்டுமாம். அவள் தோற்றால் பதவி போகும். அவர் தோற்றால்? அதைக் கேட்க அவையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவளேதான் கேட்டாள்.

“நீ ஜெயித்தால் நீ கேட்பதைத் தருகிறேன்,” என்றான் ராஜா.

ராயர் வீட்டுக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டார். கோதை சட்டி அருகிலேயே உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, “முக்காலி காலியாகக் கிடக்கிறதே மன்னா. நம் தளபதி மாறப்பர் முட்டிவலியோடு நிற்கிறார், பாவம்,” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அந்த அரண்மனையில் செய்திக்கு ஆள் அனுப்ப வேண்டியதில்லை. வாசல் காவலன் வாயிலிருந்து பூக்காரி வாய்க்கு, அங்கிருந்து ராயர் வீட்டு ஜன்னலுக்கு.

“மாறப்பனா? முக்காலியிலா?” ராயர் தாழைத் திறந்தார். தெருமுனைவரைதான் என்று கிளம்பினார். பிறகு கோட்டை வாசல்வரை. பிறகு, எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடலாம் என்று அவை வாசல்வரை. உள்ளே மாறப்பர் துண்டால் முக்காலியைத் தட்டிக்கொண்டிருந்தார். ஒரே பாய்ச்சல்! ராயர் அதில் உட்கார்ந்துவிட்டார்.

“வாருங்கள் ராயரே,” என்றாள் கோதை.

“சும்மா பார்க்க வந்தேன். இதோ போய்விடுவேன்.”

“தாராளமாக. கதவு திறந்துதான் இருக்கிறது.”

ராயர் பாதி எழுந்தார். மாறப்பர் ஓரடி முன்னால் வந்தார். ராயர் உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார், மாறப்பர் இன்னும் ஓரடி வைத்தார். இந்தத் தடவை ராயர் ஒரு கையால் முக்காலியைப் பிடித்துக்கொண்டார். அடுத்த தடவை இரண்டு கையாலும். அதற்கடுத்து, கால்களை முக்காலிக் காலில் பின்னிக்கொண்டார்.

சாப்பாட்டு மணி அடித்தது. “எனக்குப் பசியில்லை,” என்றார். வீட்டிலிருந்து ஆள் வந்து, “ஐயா, உங்கள் மாமனார் வந்திருக்கிறார்,” என்றான். “சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்!”

விளக்கேற்றினார்கள்.

“ராயரே, தோற்றுவிட்டீர்! எழுந்து வீட்டுக்குப் போம்!” என்றான் ராஜா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி.

“தோற்றேன் மன்னா, ஒப்புக்கொள்கிறேன். முதலில் மாறப்பரைப் போகச் சொல்லுங்கள்.”

“கோதை, நீயும் ஒரு அழுகண்ணிதான்! என்ன வேண்டும், கேள்!”

“அந்த முக்காலியைத் தூக்கி வெளியே போடச் சொல்லுங்கள்.”

ராஜாவின் சிரிப்பு நின்றது.

“நான் எங்கே பிடித்தேன் மன்னா? சும்மா உட்கார்ந்திருந்தேன். ராயரைப் பிடித்தது உங்கள் முக்காலி. அழுகண்ணிக்காவது பசி, சத்தில்லாத மண்ணில் அதற்கு வேறு வழியில்லை. உங்களுக்கு என்ன குறை? மனுஷர்களை ஒட்ட வைத்து எதற்கு வேடிக்கை பார்க்கிறீர்கள்?”

ராஜா சட்டியைப் பார்த்தான். ஈ இருந்த இடத்தில் இலை மூடிக் கிடந்தது. ராயரைப் பார்த்தான். அன்றைக்குத்தான் அவனுக்கு முதல்முதலாக வெட்கம் வந்தது. தன் சால்வையைக் கழற்றிக் கோதைக்குப் போர்த்தினான்.

“இனி அமைச்சருக்கு மதகு வேலை முடிந்த பிறகுதான் அவை கூடும். முக்காலியை எடுங்கள்!”

நான்கு சேவகர்கள் வந்தார்கள். “இறங்குங்கள் ஐயா.”

“நான் இறங்கினால் அவன் ஏறிவிடுவான்!”

வேறு வழியில்லாமல் ராயரோடு சேர்த்தே தூக்கினார்கள். அவையைத் தாண்டி, கோட்டை வாசலைத் தாண்டிப் பரிமளராயர் பட்டு முக்காலியில் உட்கார்ந்தபடியே போனார். அவர் எப்போது எழுந்திருப்பார் என்று பார்த்துக்கொண்டே, முட்டிவலியை மறந்து, பின்னால் ஓடினார் மாறப்பர்.