மைனாவிடம் இல்லாத சொல்

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில், வெளியிலிருந்து உயிருக்குப் பயந்து ஓடி வருபவர்களுக்கு அடைக்கலம் தரும் வழக்கம் இருந்தது. எல்லை ஓடையின் கரையில் நின்று யானையம்மா மனுக்களைக் கேட்பாள். அங்கே பேசப்படும் ஒவ்வொரு சொல்லையும் ஒரு மைனா மனப்பாடம் செய்துகொள்ளும்.

ஒருவருடைய மனுவைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும்வரை அவரைக் காட்டைவிட்டு அனுப்பக் கூடாது. அதுவரை மற்றவர்கள் மறுகரையில் வரிசையில் நிற்க வேண்டும்.

அந்த வரிசையில் நான்கு நாட்களாக ஒரு சருகுமான் நின்றது. முயல் அளவே இருக்கும், அதிகம் பேசத் தெரியாத பிராணி. அதன் முதுகுக்குப் பின்னால் செந்நாய்களின் சீழ்க்கை ஒலி நாளுக்கு நாள் நெருங்கி வந்தது.

அதற்கு முன்னால் இருந்தது ஒரே ஒரு நரிதான்.

"தாயே, ஒரு சிறுத்தை என்னைத் துரத்துகிறது!" என்று முதல் நாள் அழுதது நரி.

"உன் வளை பாறை இடுக்கில் இருக்கிறது. அதில் சிறுத்தையின் தலைகூட நுழையாது. போய் வா" என்றாள் யானையம்மா.

தீர்ப்புச் சொன்ன வாய் மூடுவதற்குள் நரி அடுத்த மனுவைத் தொடங்கியது. "இப்போது இரண்டு சிறுத்தைகள், தாயே!" அதற்கடுத்த நாள் சிறுத்தையின் மைத்துனனும் சேர்ந்துகொண்டான். இப்படிப் பேசிப் பேசியே நரி பொழுதைக் கழித்தது. இடையிடையே ஓடை நண்டுகளை வயிறாரத் தின்றது.

ஐந்தாம் நாள் காட்டுப்பன்றி பொறுமை இழந்தது. "ஒருமுறை மறுத்தால் மறுத்ததுதான்! இரண்டாம் முறை வருகிற எல்லாரையும் விரட்டுங்கள் அம்மா!"

"விரட்டுங்கள்!" என்று மற்ற விலங்குகளும் கத்தின.

சருகுமான் வரிசையில் ஓரடி பின்வாங்கியது. போன மாதம் அதன் மனுவும் மறுக்கப்பட்டிருந்தது.

யானையம்மா மைனாவைப் பார்த்தாள். "நரி இன்று என்ன சொல்லப்போகிறது?"

"'தாயே, மூன்று சிறுத்தைகள், மைத்துனன், அவன் தம்பி...' இந்த இடத்தில் மூக்கை உறிஞ்சும். 'என் வளையைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்!'" என்றது மைனா.

காடே சிரித்தது.

"நான் நியாயம் கேட்கத்தானே வந்தேன்?" என்று சீறியது நரி.

"நான்கு முறை கேட்டாய், நான்கு முறையும் பதில் சொன்னேன். நீ எடுத்துக்கொண்ட நாட்கள் அந்த வரிசையில் நிற்பவர்களுடையவை. இனி, மறுக்கப்பட்டவர் யார் வந்தாலும் முதலில் மைனாவிடம் சொல்லட்டும். மைனாவுக்குத் தெரிந்த கதை என்றால் என்னிடம் வர வேண்டாம்."

நரி வாயில் ஒட்டியிருந்த நண்டு ஓட்டைத் துப்பிவிட்டு ஓடையைக் கடந்து நடந்தது.

அடுத்து சருகுமான்.

"இதுவும் பழைய ஆள்தான்!" என்றது பன்றி.

"'செந்நாய்களை நினைத்தால் பயமாக இருக்கிறது' என்று சொன்னது. 'உன் முள்புதருக்குள் அவை வராது' என்று நீங்கள் திருப்பி அனுப்பினீர்கள்" என்று ஒப்பித்தது மைனா.

சருகுமான் ஓடையின் விளிம்புக்கு வந்தது. "அந்த முள்புதர்... எரிந்துபோய்விட்டது, அம்மா."

மைனா அலகைத் திறந்தது. சற்று யோசித்துவிட்டு மூடிக்கொண்டது. "இது என்னிடம் இல்லை, அம்மா."

யானையம்மா ஓடைக்கு மேலாகத் தும்பிக்கையை நீட்டிச் சருகுமானின் முதுகை முகர்ந்தாள். கருகிய ரோம வாடை அடித்தது.

"அந்தப் புதரை நம்பித்தான் அன்று தீர்ப்புச் சொன்னேன். புதரே இல்லை என்றால் அந்தத் தீர்ப்பும் இல்லை" என்றாள். பிறகு சருகுமானை மெதுவாகத் தூக்கி இக்கரையில் இறக்கிவிட்டாள். இவ்வளவு பெரியவள் தன் தீர்ப்பைத் தானே மாற்றுகிறாளே என்று அது வியந்து நின்றது.

காட்டுப்பன்றி நகர்ந்து அதற்கு இடம்விட்டது.

நீதி: பழைய கதைக்குக் கதவை மூடுகிறவர், புதிய துன்பம் வந்து தட்டினால் திறக்க வேண்டும்.