முழுக்கைச் சட்டை

ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணி வெயிலில் அருணகிரி மடத்துக்கு வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. பத்து வருஷத்துச் சீடர். குருவோ அவரைவிட வயதில் இளையவர். ஊருக்கெல்லாம் அவர் சாமி.

ஜெர்மனியில் மேல்படிப்பு படிக்கும் மகள் இளவேனில் பதினோரு நாளாக அறையை விட்டு வெளியே வரவில்லையாம். கூடத் தங்கியிருக்கும் பெண் பதறிப்போய் நேற்று ஃபோன் செய்திருந்தாள். சாப்பாடு இல்லை, வகுப்பு இல்லை, இருந்து என்ன ஆகப்போகிறது என்று பேச்சு வேறு. மகளையே கூப்பிட்டுக் கேட்டால் எப்போதும் சொல்கிற அதே பதில்: நல்லா இருக்கேன்ப்பா.

"அவ வாயிலிருந்து உண்மையை எப்படி வரவைக்கிறது, சாமி?"

"வெயில் இந்தக் கொளுத்து கொளுத்துது. முழுக்கைச் சட்டை எதுக்கு?"

அருணகிரிக்குச் சுருக்கென்றது. ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தவர்தான் சாமி, தெரியாமலா கேட்கிறார்? போன வாரம் இவருக்கு நெஞ்சுவலி வந்து, கை வழியாகக் குழாய் விட்டு இதய அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். குழாய் விட்ட மணிக்கட்டு கன்றிக் கறுத்துக் கிடந்தது. தெரிந்தால் பிள்ளை படிப்பு கெடும் என்று மகளிடம் யாரும் மூச்சு விடவில்லை. நாலு மணிக்கு அவள் வீடியோவில் வருவாள். அதற்குத்தான் இந்தச் சட்டை. நம் வீடுகளில் நடக்காததா?

மணி நாலு. ஃபோன் அடித்தது. திரையில் இளவேனில், பின்னால் வழக்கம்போல் வெறும் வெள்ளைச் சுவர். சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"நல்லா இருக்கீங்களாப்பா?"

"எனக்கென்னம்மா, கல்லு மாதிரி..."

சாமி அவர் கையைப் பிடித்தார். பொத்தானைக் கழற்றி, சட்டைக்கையை முழங்கை வரை சுருட்டி, கையைத் திரைக்கு முன்னால் நீட்டினார். அருணகிரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. குருவென்றும் பாராமல் வெடுக்கென்று கையை இழுத்தார். சாமி விடவில்லை.

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. என்னப்பா இது என்று கேட்டாள். வேறு வழியில்லாமல் அருணகிரி எல்லாவற்றையும் சொன்னார். செத்துப்போய்விடுவோமோ என்று பயந்ததையும் சொன்னார்.

அவள் ஃபோனைத் திருப்ப, திரையில் சுவர் மெல்ல நகர்ந்தது. பட்டப்பகலில் இழுத்து மூடிய திரைச்சீலை. கழுவாத தட்டுகள். அம்மா அனுப்பிய பருப்புப்பொடி பார்சல் பிரிக்காமலே கிடந்தது.

"எனக்கும் முடியலப்பா."

அருணகிரி ஃபோனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு சாமியிடம் திரும்பினார்.

"இப்ப நான் என்ன சொல்லட்டும், சாமி?"

"கையை எடுங்க. அவ இன்னும் சொல்லி முடிக்கல."